மளிகைக் கடையின் முதல் வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெருந்துறையிலிருந்து சென்னிமலை போகும் வழியில் ஒரு சிற்றூரில், 2024 ஆவணியில் நானும் வீட்டுக்காரரும் மளிகைக் கடை வைத்தோம். அதற்கு முன்னால் நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பீஸ் கணக்கு எழுதினேன். அவர் டெம்போ ஓட்டினார். கடையில் எங்களோடு அத்தையும் (மாமியார்) உண்டு.

வருடம் ஒன்று முடிந்ததும் சொந்தத்திலும் பக்கத்து ஊர்களிலும் கடை வைக்க நினைப்பவர்கள் வந்து கேட்க ஆரம்பித்தார்கள். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேருக்கு ஒரே சந்தேகங்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எங்கள் கணக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். இதில் வரும் கடைக்கணக்கெல்லாம் எங்கள் கடையுடையது. உங்கள் ஊருக்குக் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

"கடை வைக்க எவ்வளவு பணம் வேணுங்க்கா?"

எங்களுக்கு 3,40,000 ரூபாய் ஆனது. வாடகை அட்வான்ஸ் 50,000. அலமாரி, மேசை, கரண்ட் வேலை சேர்த்து 62,000. எலெக்ட்ரானிக் தராசு 7,000. பழைய ஃப்ரிட்ஜ் 11,000. மீதி 2,10,000 சரக்கு. பாதிப் பணம் எங்கள் சேமிப்பு, பாதி நகையை வைத்து வாங்கியது.

கடை திறந்த அன்று கையில் 12,000 ரூபாய்தான் மிச்சம். அலமாரி காலியாகத் தெரியக் கூடாது என்று இருந்ததையெல்லாம் சரக்காக்கிவிட்டோம். மூன்றாவது வாரமே அரிசி தீர்ந்தது. வாங்கப் பணமில்லை. விற்காத சாமான் மட்டும் அலமாரியில் நிறைய நின்றது. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது, சரக்குக்கு என்று ஒதுக்கிய பணத்தில் மூன்றில் ஒரு பங்கை முதல் இரண்டு மாதம் தொடாதீர்கள். எது ஓடுகிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பணத்தில் அதையே வாங்குங்கள்.

"முதல்ல என்னென்ன சாமான் வாங்கிப் போடறதுங்க?"

உங்கள் கடையிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கும் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள் என்று பாருங்கள். நாங்கள் ஈரோட்டு மொத்தக் கடையில் ஒரு பெரிய பட்டியலைக் கொடுத்து அப்படியே ஏற்றி வந்தோம். ஓட்ஸ், பாஸ்தா, நாலு வகை நூடுல்ஸ், சாலட்டுக்கு ஊற்றும் சாஸ். முதல் வாரம் வந்த பாட்டிமார் கேட்டதோ கொள்ளு, தட்டைப்பயறு, கம்பு, சந்தகைக்கு அரிசி, கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை. வாரத்தில் ஒரு நாளாவது அரிசியும் பருப்பும் (இரண்டையும் ஒன்றாக வேகவைக்கும் சோறு) ஆக்காத வீடு இங்கே குறைவு. துவரம்பருப்பு நன்றாக இருந்தால்தான் அந்தச் சோறு நன்றாக இருக்கும். பருப்பு சரியில்லை என்றால் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார்கள், நம்மிடம் சொல்லக்கூட மாட்டார்கள்.

எங்களுக்குப் பெரிதும் உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. "இல்லைங்க" என்று யாரிடம் எதற்குச் சொன்னாலும் உடனே அதில் எழுதினோம். வீட்டில் எல்லோரும் அதை "இல்லை நோட்டு" என்றே சொல்வோம். ஒரே பெயர் மூன்று முறை வந்தால் அடுத்த நடையில் அதை வாங்கினோம். அப்படித்தான் கடுகு எண்ணெய் வந்தது. பெருந்துறை சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் பையன்கள் எங்கள் ஊரில் லைன் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். கடுகு எண்ணெய், கோதுமை மாவு, உருளைக்கிழங்கு, பொரி, சோயா உருண்டை இவைதான் அவர்களுடைய அன்றாடத் தேவை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவார்கள், அன்றே பணம் கொடுப்பார்கள், கடன் கேட்பதில்லை. இந்தப் பையன்களை நாங்கள் முதல் இரண்டு மாதம் கணக்கிலேயே எடுக்கவில்லை. இன்று எங்கள் விற்பனையில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு அவர்களால் வருகிறது.

நாட்டுச்சர்க்கரைக்கு மட்டும் ஒரு வார்த்தை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலத்துக்கு வரும் சர்க்கரையைத்தான் பழனிக் கோயில் பஞ்சாமிர்தத்துக்கு வாங்குகிறார்கள். அதனால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் அதன் வாசமும் ருசியும் தெரியும். வெள்ளைச் சர்க்கரை கலந்த சரக்கு கிலோவுக்குச் சில ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அதில் சம்பாதிக்கும் காசை விடப் போகும் பெயர் பெரிது.

"சின்னக் கடைதானுங்க, இதுக்கு லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் வேணுமா?"

சிலது கட்டாயம் வேண்டும். உணவுப் பொருள் விற்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு முதலில். நாங்கள் வாங்கிய 2024இல் ஆண்டு விற்பனை 12 லட்சம் வரை வெறும் பதிவு, ஆண்டுக்கு 100 ரூபாய். அதைத் தாண்டினால் உரிமம், ஆண்டுக்கு 2,000 ரூபாய். ஒரு நாளைக்கு 3,300 ரூபாய் விற்றாலே ஆண்டுக்கு 12 லட்சம் தாண்டிவிடும். நிறையப் பேர் அப்போது இதைக் கவனிக்காமல் 100 ரூபாய்ப் பதிவோடு நின்றுவிட்டார்கள். நீங்கள் வாங்கும்போது வரம்பு என்ன என்று உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது தராசு. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை ஆய்வாளரிடம் முத்திரை போட வேண்டும். அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பஞ்சாயத்தில் தொழில் உரிமம், வீட்டோடு சேர்ந்த கடையானால் தனி வணிக மின் இணைப்பு, இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. பையோடு வாருங்கள் என்று முதல் நாளிலிருந்தே சொல்லிப் பழக்குங்கள்.

ஜிஎஸ்டி, பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை கட்டாயமில்லை. எங்களுடையது அதற்குள்தான். தாண்டினால் காம்போசிஷன் முறையில் சேரலாம். 1.5 கோடி வரை அது உண்டு. வரி உள்ள பொருள்களின் விற்பனையில் 1 சதவீதம் நாமே கட்ட வேண்டும், வாங்குபவரிடம் வரி என்று தனியாகப் பிடிக்கக் கூடாது. இன்னொன்று சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. 2021 ஜூலையிலிருந்து சில்லறை வியாபாரிகளும் அதில் சேரலாம், வங்கிக் கடன் கேட்கும்போது உதவும். அது முழுக்க இலவசம். 1,500 ரூபாய் கொடுங்கள் என்று கேட்டு எங்களிடமும் ஒருவர் வந்தார். ஆதாரும் பேன் எண்ணும் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே நாங்கள் செய்துகொண்டோம்.

"தினம் ஆறாயிரம் ஓடுதுங்கறீங்க, மாசம் ரெண்டு லட்சம் ஆச்சே. அப்புறம் ஏனுங்க பத்தலை?"

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது என் சொந்தத் தம்பி. தினம் 6,000 என்றால் மாதம் 1,80,000. அது விற்பனை. அதில் நமக்கு நிற்பது எவ்வளவு என்று ஒவ்வொரு சாமானாகப் பார்க்க வேண்டும். 25 கிலோ அரிசிச் சிப்பம் 1,400க்கு விற்றால் எங்களுக்கு 50 ரூபாய். சர்க்கரை கிலோவுக்கு ஒன்றரை ரூபாய், எண்ணெய்ப் பாக்கெட்டில் இரண்டு, மூன்று. பிஸ்கட், சோப்பு வகையில் நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து. மூட்டையில் வாங்கிச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும் பருப்பு, பயறில் 12 முதல் 15. மசாலா, பூஜைச் சாமான் 20 வரை. அதிகம் ஓடுவது அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும் என்பதால் எல்லாம் கலந்து முதல் ஆறு மாதம் எங்களுக்கு 11 சதவீதம் நின்றது.

1,80,000இல் 11 சதவீதம் 19,800. அதில் வாடகை 4,500, கரண்ட் 2,100, வண்டிச் செலவு 1,800, வண்டு விழுந்தது, அழுகியது, உடைந்தது 1,200, சில்லறைச் செலவு 400. ஆக 10,000 போய் 9,800 மிச்சம். காலை ஐந்தரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை இரண்டு பேர் நின்றதற்கு அவ்வளவுதான். திருப்பூரில் நான் ஒருத்தி வாங்கிய சம்பளம் அதைவிட அதிகம். வருடக் கடைசியில் தினம் 9,000 ஓட ஆரம்பித்து, சில்லறைச் சாமானைக் கூட்டியதால் 12.5 சதவீதம் நின்றது. அப்போது செலவு 12,000 போக 21,750 கையில் வந்தது. அதுவரை வீட்டில் வேறு ஒரு வருமானம் இருந்தால் நல்லது. எங்களுக்கு மாமா தோட்டத்தில் இரண்டு எருமை வைத்திருந்தார், அந்தப் பால் பணம்தான் அரிசிச் செலவைத் தாங்கியது.

லாபக் கணக்கில் இன்னொரு குழப்பம். 80க்கு வாங்கி 100க்கு விற்றால் சிலர் 25 சதவீதம் என்கிறார்கள், சிலர் 20. வாங்கின விலைக்கு 25, விற்ற விலைக்கு 20. இரவில் கல்லாவில் நாம் எண்ணுவது விற்ற பணத்தை. ஆகவே எப்போதும் விற்ற விலைக்கே கணக்குப் போடுங்கள்.

"கல்லாவுல பணம் இருக்குது, லைன் வண்டி (சரக்கு கொண்டுவந்து போடும் வண்டி) வந்தா குடுக்க மட்டும் இருக்க மாட்டீங்குது. எங்கதான் போகுது?"

வீட்டுக்குப் போகிறது. வேறெங்கும் இல்லை. மேலே சொன்ன கணக்குப்படி கல்லாவில் இருக்கும் 100 ரூபாயில் 89 சரக்கு கொடுத்தவருடையது. நம்முடைய 11இல் வாடகை, கரண்ட், மற்றச் செலவெல்லாம் போக ஐந்தரை ரூபாய்கூட முழுதாக நிற்காது. ஆனால் கல்லா பக்கத்திலேயே இருப்பதால் பள்ளிக்கூட வேன், கேஸ் சிலிண்டர், கல்யாண மொய், டாக்டர் என்று கை தானாக அதற்குள் போகிறது. யாரும் திருடவில்லை, எல்லாமே நியாயமான செலவு. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் இரவு உட்கார்ந்து மூன்று மாதத்தில் வீட்டுக்கு எடுத்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோம். 47,000 வந்தது. அந்த மூன்று மாதத்தில் கடை எங்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது 30,000கூட இல்லை. மீதி 17,000 ரூபாய்க்கு மேல் சரக்கைச் சாப்பிட்டிருக்கிறோம். அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று பழக்கம். கடைக்கு வங்கியில் தனிக் கணக்கு. வாரம் 2,000 ரூபாய் சம்பளம் என்று சனிக்கிழமை இரவு எடுப்பது, அதற்கு மேல் எடுப்பதில்லை. வீட்டுச் சமையலுக்கு ஒரு சோப்பு எடுத்தாலும் மற்ற வீடுகளுக்கு எழுதுவது போல எங்கள் வீட்டுப் பெயரில் எழுதுவது, விலை அடக்க விலை. அத்தைக்கு முதலில் மனசு வருத்தமாக இருந்தது. "நம்ம கடையில நாமளே கடன்காரங்களா கண்ணு" என்றார். ஒரு மாதம் கழித்து நோட்டைக் காட்டினேன். வீட்டுக்கு மட்டும் 6,400 ரூபாய்க்குச் சாமான் எடுத்திருந்தோம். அதன்பிறகு அவரே எழுதச் சொல்லி ஞாபகப்படுத்துகிறார்.

"கடன் குடுக்காம கடை நடத்த முடியாதுங்களா?"

எங்கள் ஊர் போன்ற இடத்தில் முடியாது. இங்கே பணம் தினமும் வருவதில்லை. தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை கூலி. மாடு வைத்திருப்பவர்களுக்குப் பால் பணம் போடும் நாள். கீழ்பவானி வாய்க்கால் பாயும் தோட்டக்காரர்களுக்கு நெல் அறுத்தால், மஞ்சள் விற்றால் பணம். நடுவில் அடுப்பு எரிய வேண்டும். அந்த இடைவெளியைத் தாங்குவதுதான் ஊர்க்கடை. அதில் எனக்கு மனக்குறை இல்லை. நான் வளர்ந்த வீடும் அப்படி ஒரு கடையின் நோட்டால்தான் நாள் தள்ளியது.

ஆனால் கடனை நாள் குறிக்காமல் கொடுத்தது எங்கள் தப்பு. புரட்டாசிக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் வெளியே 61,000 நின்றது. சரக்கில் கால் பங்குக்கு மேல். இப்போது கடன் எழுதும்போதே அவர்களுக்குப் பணம் வரும் நாளைப் பக்கத்தில் எழுதுகிறோம். சனிக்கிழமைக் கூலிக்காரருக்குச் சனிக்கிழமை, பால்காரருக்குப் பால் நாள். வீட்டுக்கு 1,500 வரை, பழையதைத் தீர்த்தால்தான் புதியது. நோட்டு இரண்டு, ஒன்று எங்களிடம், ஒன்று அவர்களிடம், இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதுவது. எழுதும்போது சத்தமாகப் படித்துச் சொல்வது. இதனால் "நான் அது வாங்கவே இல்லையே" என்ற பேச்சு நின்றுபோனது.

மஞ்சள்காரர்களுக்கு மட்டும் வேறு கணக்கு. ஆனி, ஆடியில் நட்டால் தை, மாசியில்தான் வெட்டுவார்கள். வேகவைத்துக் காயவைத்து ஈரோட்டில் விற்றுக் கையில் பணம் வர இன்னும் நாளாகும், விலை இல்லையென்றால் இருப்பு வைப்பார்கள். எட்டு மாதம் 10,000 ரூபாய் ஒருவரிடம் நின்றால் நமக்கு என்ன நஷ்டம் என்று ஒருமுறை போட்டுப் பார்த்தேன். எங்கள் சரக்கு சராசரியாக 40 நாளில் ஒருமுறை விற்றுத் திரும்புகிறது. எட்டு மாதத்தில் ஆறு முறை. 10,000 ரூபாய்ச் சரக்கு ஒருமுறை திரும்பினால் சுமார் 1,200 கிடைக்கும். ஆறு முறைக்கு 7,200. அவர் முதலைத் திருப்பிக் கொடுத்தாலும் நமக்கு அந்த 7,200 வராது. அதனால் இப்போது அவர்களிடம் ஆரம்பத்திலேயே, "மாமா, மூணு மாசத்துக்கு ஒருக்கா பாதியாவது குடுத்துருங்க, எங்களால தாங்க முடியாது" என்று கேட்டுவிடுகிறேன். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஆட்டை விற்றாவது கொடுத்தவர் உண்டு.

"ஒறம்பரைகிட்ட எப்படிங்க காசு கேக்கறது?"

எங்கள் வசூல் ஆகாத கடனில் பெரும் பங்கு ஒறம்பரை, அதாவது உறவுக்காரர்கள்தான். பங்காளி வீடு, மாமன் வீடு, கல்யாணத்துக்கு வந்துபோகிற முறை. கேட்டால் "ஒரு சோப்புக் காசுக்கா" என்பார்கள், கேட்காவிட்டால் அந்தச் சோப்பு முப்பது ஆகும்.

நாங்கள் அந்த நோட்டை அத்தையிடம் கொடுத்துவிட்டோம். முறைக்கு அவர் பெரியவர், எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ளவர். அவர் வாசலில் உட்கார்ந்து, "ஏன் சாமி, போன மாசத்துது இருக்குதே, நோம்பிக்குள்ள (பண்டிகைக்குள்) குடுத்துரு" என்று கேட்பதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. அதையே நான் கேட்டால் மருமகள் கேட்டாள் என்று ஆகும். உங்கள் வீட்டில் யார் கேட்டால் சரியாக இருக்கும் என்று பார்த்து அவரிடம் கொடுங்கள். வசூலே ஆகாது என்று தெரிந்த தொகையை ஒரு நல்ல நாளில் மனசார விட்டுவிட்டு, அந்த வீட்டுக்கு மேற்கொண்டு எழுதுவதை நிறுத்துங்கள். நாங்கள் அப்படி 3,800 விட்டோம். உறவு இருக்கிறது.

"ஸ்கீம் தர்றாங்களே, பெட்டி பெட்டியா எடுத்துட்டா லாபம் இல்லீங்களா?"

பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்று லைன் சேல்ஸ்மேன் சொல்லும்போது ஆசையாகத்தான் இருக்கும். எத்தனை நாளில் விற்கும் என்பதை மட்டும் பாருங்கள். எங்கள் கடையில் மாதம் எட்டு விற்கும் ஒரு பாத்திரம் கழுவும் திரவத்தை 48 எடுத்தோம், நாலு இலவசம் வந்தது. விற்றுத் தீர ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. பணம் தூங்கினால் என்ன ஆகும் என்று மஞ்சள் கணக்கில் சொன்னேன், அதேதான் இங்கும். எடுப்பதற்கு முன்னால் காலாவதி ஆனதைத் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுச் சிட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

இதோடு 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி குறைந்தது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18இலிருந்து 5 சதவீதம். எங்களுக்கு முதல் வருடம் முடிந்த கையோடு நடந்தது. மறுநாளே ஜனங்கள் டிவியில் பார்த்துவிட்டு விலை குறையவில்லையா என்று கேட்டார்கள், நியாயம்தான். ஆனால் அலமாரியில் இருந்தது பழைய வரியோடு நாங்கள் வாங்கிய சரக்கு. ஜிஎஸ்டி பதிவு இல்லாத எங்களுக்கு அந்த வரியைக் கழிக்க வழியில்லை. சில ஏஜென்சிக்காரர்கள் வித்தியாசத்தை அடுத்த சிட்டையில் கழித்துக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவில்லை. நாங்கள் இந்த வகைச் சாமானில் பதினைந்து நாள் சரக்குக்கு மேல் வைப்பதில்லை என்று அதற்குள் பழகியிருந்ததால் தப்பித்தோம். பெட்டியாக அடுக்கி வைத்திருந்த பக்கத்து ஊர்க் கடைக்காரருக்கு நல்ல அடி.

"ஜிபே, போன்பே போர்டு வெச்சாப் போதும் இல்லீங்களா?"

வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கருக்கு மட்டும் எங்களுக்கு மாதம் 100 ரூபாயை ஒட்டி வாடகை. அது வீண் செலவில்லை. ஸ்பீக்கர் வாங்குவதற்கு முன் ஒரு சாயங்காலக் கூட்டத்தில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டிவிட்டு 640 ரூபாய்க்குச் சாமான் வாங்கிப் போனார். இரவில் பார்த்தால் அந்தப் பணம் வரவே இல்லை. போன் திரையை நம்பாதீர்கள், உங்கள் கணக்கில் விழுந்ததை நம்புங்கள். யுபிஐ பணம் கடைக் கணக்குக்கே போகட்டும், வீட்டுக்காரரின் சொந்தக் கணக்குக்குப் போனால் கல்லாவைப் பற்றி முன்னால் சொன்ன கதைதான்.

"நோம்பிக்கு எவ்வளவு சரக்கு எடுக்கறதுன்னே தெரியலைங்க."

முதல் வருடம் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு நோம்பி முடிந்த மறுநாளும் எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு நின்றது, என்ன கேட்டார்கள் என்று எழுதி வையுங்கள், அடுத்த வருடத்துக்கு அதுதான் வழிகாட்டி. எங்கள் நோட்டிலிருந்து சொல்கிறேன். ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடுவார்கள். உள்ளே போடப் பொட்டுக்கடலை, அவல், எள், வெல்லம் எல்லாம் முந்தின இரண்டு நாளில் போய்விடும், அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. புரட்டாசியில் முட்டை குறையும், பருப்பும் அப்பளமும் கூடும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் சாலை வழியாகவும் வருவார்கள். தண்ணீர், குளுக்கோஸ், சுக்கு, வலித் தைலம் வாசலிலேயே இருக்க வேண்டும். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டியதும் கறி எடுக்க மாட்டார்கள். கெடாவெட்டு அன்று ஒரே நாளில் மிளகு, சீரகம், மல்லி, கசகசா அத்தனையும் தீரும்.

தீபாவளியில் ஒரு பாடம். போனஸ் வந்ததும் விற்பனை இரண்டு மடங்கானது. அதை நம்பி அடுத்த வாரத்துக்கும் அதே அளவு எடுத்தோம். கம்பெனிகள் லீவு விட்டு, வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஊருக்குப் போனதும் பத்து நாள் கடை காற்று வாங்கியது. பொங்கலில் சித்தோட்டு வெல்லம் நாலு சிப்பம் கூடுதலாக எடுத்து, பனியில் கசிந்து, ஒன்றரைச் சிப்பத்தை மாட்டுக்கு வைத்தோம்.

"எலியும் வண்டும் தாங்கலைங்க, என்ன பண்றது?"

மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள், பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. பழையது முன்னால், புதியது பின்னால். பயறும் பருப்பும் வாங்கியதும் ஒரு வெயில் காட்டி எடுத்தால் வண்டு குறையும். மருந்து வைக்காதீர்கள், உணவுச் சாமான் கிடக்கும் இடம்.

"பக்கத்துல பெரிய சூப்பர் மார்க்கெட் வந்துட்டா நாம என்னங்க பண்றது?"

எங்களுக்குப் பெருந்துறை எட்டிப்பிடிக்கும் தூரம்தான். அங்கே சில நாள் துவரம்பருப்பு விற்கும் விலை எங்களுக்கு மொத்தக் கடையில் கிடைக்கும் விலையைவிடக் குறைவு. அதோடு போட்டி போட வேண்டாம். மாதச் சாமானை அங்கே வாங்குகிறவர்களும் நடுவில் கால் கிலோ சர்க்கரைக்கு நம்மிடம்தான் வருகிறார்கள். கால் கிலோவாக விற்றால் கிலோவாக விற்பதைவிட நூற்றுக்கு நமக்கு அதிகம் நிற்கும்.

நமக்கு மூன்று பலம் உண்டு. விடியற்காலை திறப்பது ஒன்று. ஐந்தரைக்குத் திறந்தால் கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்கள் சமையலுக்கு விட்டுப்போனதை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். பத்து ரூபாய்க்கும் நிறுத்துக் கொடுப்பது இரண்டு. "இல்லை நோட்டு" மூன்று. இந்த ஊருக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெரிய கடைக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் கடையிலயே இருந்தா சண்டை வராதுங்களா அம்மிணி?"

வந்தது. ஒரே எண்ணெய்க்கு அவர் ஒரு விலை சொல்லுவார், நான் ஒரு விலை சொல்லுவேன், வாங்க வந்தவர் முன்னாலேயே பேச்சு ஏறும். இப்போது வாங்குவது அவர், விலை எழுதி ஒட்டுவதும் கணக்கும் நான். ஒட்டிய விலைதான் விலை. கடன் நீட்டிப்பதா வேண்டாமா என்பதை வாடிக்கையாளர் எதிரில் பேசுவதில்லை, இரவு கல்லா எண்ணும்போது பேசுவோம்.

அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது பிள்ளைகள். மகள் ஏழாம் வகுப்பு. முதல் ஆறு மாதம் சாயங்காலம் முழுக்கக் கல்லாவில் நின்றாள், மிடுக்காக இருக்கிறதே என்று நாங்களும் விட்டுவிட்டோம். அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் சரிந்தபோதுதான் புரிந்தது. இப்போது ஆறிலிருந்து எட்டு வரை அவள் கடைப்பக்கம் வரக் கூடாது. செவ்வாய் மதியத்துக்கு மேல் கடை கிடையாது. அன்றைக்கு இழப்பது சில நூறு ரூபாய் லாபம். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

"ஒரு வருஷம் ஆயும் கையில ஒண்ணும் நிக்கலை. மூடிடலாமுங்களா?"

முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் கடையை அடைத்துச் சரக்கை அடக்க விலைக்கு எண்ணுங்கள். வருடக் கடைசியில் எங்கள் கணக்கு இது. சரக்கு 2,60,000, வெளியே கடன் 28,000, கல்லாவும் வங்கியும் 19,000. நகைக் கடனைத் தவிர நாங்கள் கொடுக்க வேண்டியது 41,000. கழித்தால் 2,66,000. தொடங்கிய அன்று சரக்கும் கையிருப்பும் சேர்த்து 2,22,000. ஆக, கையில் நிற்கவில்லை என்று நினைத்த வருடத்தில் 44,000 அலமாரியில் ஏறியிருந்தது. நகைக் கடன் வட்டியை அதில் கழித்த பிறகும் மிச்சம் இருந்தது. உங்கள் எண் தொடங்கியதைவிடக் கூடியிருந்தால் பொறுங்கள்.

குறைந்திருந்தால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். வீட்டுக்கு எடுத்தது, வெளியே நிற்கும் கடன், ஓடாத சரக்கு. மூன்றுக்கும் மேலே எழுதியிருக்கிறேன். திருத்திவிட்டு ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். அப்போதும் குறைந்தால், அல்லது சரக்கு வாங்கவே தினத்தவணைக்காரரிடம் பணம் எடுக்கும் நிலை வந்தால், மூடுவதில் தப்பில்லை. 11 சதவீதம் நிற்கும் வியாபாரம் அந்த வட்டியைத் தாங்காது. இதை மனம் நொந்துதான் சொல்கிறேன், அப்படி மூடியவர்களை எனக்குத் தெரியும்.

மூடுவதென்றால் வரிசை முக்கியம். முதலில் புதுச் சரக்கு எடுப்பதை நிறுத்துங்கள். திருப்பி எடுக்கக் கூடியதை ஏஜென்சிக்குக் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். அதற்குள் வெளியே நிற்கும் கடனை நோட்டைப் பார்த்து வசூல் செய்துவிடுங்கள். கடையை மூடப்போகிறோம் என்று ஊரில் சொல்வது எல்லாவற்றுக்கும் கடைசியில்.